தேய்ந்ததின் அளவு

கவுண்டருக்குப் பின்னால் இருந்தவன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய்கூடத் தேவைப்படவில்லை.

"இந்த மாடலுக்கு பார்ட்ஸ் நிறுத்திட்டாங்கம்மா."

"நிறுத்தினது அவங்கதானே? என் வண்டி நிறுத்தலையே," என்றாள் ஹாரன் அக்கா. "போன வாரம் வரைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவள் லாரியில் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை. தேவையும் இருந்ததில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் முன்னால் போகும் பஸ் ஒதுங்கிவிடும். அந்தக் குரலை இப்போது அடக்கித்தான் பேசினாள். ஷோரூம் முழுக்கக் கண்ணாடி.

கவுண்டர் மேல் அவள் வைத்திருந்தது உள்ளங்கை அகல இரும்புத் துண்டு. சுற்றிலும் இதழ் இதழாக நிற்கும். லாரிக்காரர்கள் இம்பெல்லர் என்பார்கள். தண்ணீர் பம்புக்குள் இருந்து சுழன்று, இன்ஜினைச் சுற்றித் தண்ணீரைத் தள்ளுவது அதுதான். நடுவில் விரிசல் விட்டு அச்சில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது.

"முழு பம்பா இருந்தாலும் குடு."

"அதுவும் வராதும்மா. நான் ஒண்ணு சொல்லட்டுமா? பழச எடைக்குப் போட்டுடுங்க. புது வண்டிக்கு நல்ல எக்ஸ்சேஞ்ச் போய்க்கிட்டிருக்கு."

"உங்க வீட்டுல யாருக்காவது பல்லு விழுந்தா ஆளையே மாத்திடுவீங்களா தம்பி?"

அவன் முகம் சுருங்கியது. "வெளியில எங்கயாவது தட்டிக்கொட்டி மாட்டினீங்கன்னா, அப்புறம் இன்ஜின் போச்சுன்னு எங்க வாசல்ல வந்து நிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"வாசல் உங்களது. ரோடு உங்களது இல்லயே," என்று இரும்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெளியே வந்த பிறகுதான் பயம் வந்தது. குன்றின் மேல் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள். அங்கே சிமென்ட் ஏற்றிப்போவது அவள் வேலை. வாரம் முடிவதற்குள் வண்டி மேடேறவில்லை என்றால் அந்த லோடு, தொட்டி கட்டும் கம்பெனியின் சொந்தப் புது லாரிகளுக்குப் போய்விடும் என்று மேலே இருக்கும் சூப்பர்வைசர் சொல்லியாகிவிட்டது. லோடு போனால் லாரி போகும். லாரி போனால் அவளுக்கு மிச்சம் தம்பி வீட்டு அடுக்களை மூலையில் ஒரு பாய். தம்பி மனைவி அந்த மூலையை இப்போதே பெருக்கி வைத்திருக்கிறாள் என்று செய்தி வந்திருந்தது.

போவதற்கு ஒரே இடம்தான் இருந்தது. மாப்பிள்ளையின் லேத் பட்டறை.

மகள் இறந்த பிறகு அவள் அங்கே போனதில்லை. போனால் எதைப் பேசுவது? இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பேச்சு மகள்தான். அதைத்தான் இருவராலும் எடுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை லேத்தின் முன் நின்றிருந்தார். சுவரில் ஸ்பானர்கள் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாகத் தொங்கின. சட்டையை மட்டும் புறம் மாற்றிப் போட்டிருந்தார். தையல் வெளியே தெரிந்தது.

"வாங்க அத்தை," என்றார். மெஷினை நிறுத்தினார். அவ்வளவுதான்.

அக்கா முந்தானையை அவிழ்த்து இரும்பை மேஜைமேல் வைத்தாள். "கடையில கிடைக்காதாம். செய்ய முடியுமா மாப்ளே? முடியலன்னா வெட்கப்படாம சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். நாலு பேருகிட்ட மட்டும் சொல்லுவேன்."

அவர் சிரிக்கவில்லை. இம்பெல்லரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பித்தளையில செய்யலாம். துரு பிடிக்காது."

"அப்ப செய்யுங்க. முதல்ல அந்தச் சட்டையத் திருப்பிப் போடுங்க. வர்றவங்க என்னத்தான் கேப்பாங்க."

அவர் குனிந்து பார்த்தார். யாரோ ஒருவருடைய சட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அளவெடுப்பதில் மாப்பிள்ளையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு இதழின் நீளம், உயரம், சாய்வு எல்லாவற்றையும் முடி இழைக்குத் தப்பாமல் எடுத்தார். பழைய இதழ்களின் விளிம்பு வழவழவென்று மெலிந்திருந்தது. அந்த வழவழப்பைக்கூட விடாமல் புதியதில் கொண்டுவந்தார். கடைசியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது, ஒன்று கறுப்பு ஒன்று மஞ்சள் என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை. அக்கா இரண்டையும் கையில் வைத்து அழகு பார்த்தாள். ஒரு பிரசவத்தில் பிறந்த இரட்டைகள் என்றாள்.

பம்பை மாட்டி, பட்டறை வாசலிலேயே வண்டியை வெகுநேரம் ஓடவிட்டார்கள். சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழே படுத்துக் கிடந்தது. அக்கா அந்த வழியாகப் போன எல்லோரையும் கூப்பிட்டு முள்ளைக் காட்டினாள். சைக்கிளில் போன தபால்காரரைக்கூட விடவில்லை.

மறுநாள் சிமென்ட் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது மாப்பிள்ளையும் ஏறிக்கொண்டார். அவள் கூப்பிடவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

மேடு தொடங்கியது. இரண்டாவது வளைவில் முள் அசைந்தது. மூன்றாவதில் பாதியைத் தாண்டியது. அக்கா வாயில் வந்ததையெல்லாம் சொல்லி இன்ஜினைக் கெஞ்சினாள், பிறகு திட்டினாள். முள் எதற்கும் மசியவில்லை. சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. சின்னப் பாலம் ஒன்று வந்ததும் வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். ரேடியேட்டர் மூடியில் ஆவி சீறியது.

கம்பெனி லாரி ஒன்று அவர்களைக் கடந்தது. "என்னக்கா, வண்டிக்குள்ள வென்னீர் போடறியா? குளிக்க வரட்டுமா?" என்று டிரைவர் கத்திவிட்டுப் போனான். அவனுக்குத் தக்க பதில் அவளிடம் இருந்தது. சொல்வதற்குள் வளைவில் மறைந்துவிட்டான். அந்தப் பதில் மாப்பிள்ளைமேல் திரும்பியது.

"காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா மாப்ளே?"

"அளவு பிசகல அத்தை."

"பிசகாமத்தான் நடு மேட்டுல ஆவி பறக்க நிக்கிறோமா?"

அவர் சக்கரத்துக்கு அவள் வைத்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாலத்தின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே புல் முளைக்காமல் ஒரு லாரி நீளத்துக்குத் தரை வழுக்கையாகக் கிடந்தது.

"இந்தக் கல் ஏற்கெனவே இங்க இருந்துச்சா?"

"நான் போட்டதுதான். எப்பவும் இங்கதானே நிறுத்துவேன். பாவம், மூச்சு வாங்கிக்கிட்டுப் போகும். வயசாச்சில்ல."

"வாங்கின புதுசுலயும் நிறுத்துவீங்களா?"

அக்கா மேட்டை நிமிர்ந்து பார்த்தாள். வாங்கிய புதிதில் இந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறும். மேலே போய்ச் சேர்ந்து டீ குடிக்கலாம் என்று தோன்றினால் குடிப்பாள். அவ்வளவு சாதாரணமாக ஏறும். எப்போது நிறுத்த ஆரம்பித்தாள்? முதலில் வெயில் காலத்தில் மட்டும். பிறகு லோடு அதிகமான நாட்களில். பிறகு எல்லா நாளும். நிறுத்துகிறோம் என்றே தோன்றாமல் போய்விட்டது. கல்லைக்கூடத் தேடிப் பொறுக்கிப் போட்டாள்.

மாப்பிள்ளை பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒன்று நகர்ந்தது. கோபம்தான்.

"அந்த விரிசல்தான் கோளாறுன்னு நினைச்சேன். இதழ் எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சேன். அது வழவழப்பு இல்ல அத்தை, தேய்மானம். துருவும் தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா தின்னிருக்கு. நான் தேஞ்சதுக்கு அளவெடுத்து, தேஞ்சதையே புதுசா செஞ்சு குடுத்திருக்கேன். ஒரு முடி பிசகாம."

அக்கா ஒரு கணம் அவரையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"பொண்ணு பார்க்க வந்தன்னைக்கே நினைச்சேன், இந்தப் பையன் குடுத்தத அப்படியே திருப்பிக் குடுப்பான்னு!"

இன்ஜின் ஆறியதும் மெல்ல ஏறிப் போய்ச் சேர்ந்தார்கள். சூப்பர்வைசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர்களுக்கு முன்னால் வந்த கம்பெனி லாரி இறக்கி முடித்திருந்தது.

"மறுபடியும் நடுவுல நின்னியாமே."

"நின்னேன். வந்துட்டேன்ல?"

"கான்கிரீட் கலக்கி வெச்சுக்கிட்டு உனக்காகக் காத்திருக்க முடியாதும்மா. நாளைக்கு ஒரு தடவை பார்ப்பேன். நின்னா, அதோட சரி." மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "இவருதான் பார்ட்ஸ் செய்யறவரா? மகளே போயாச்சு. இன்னும் என்ன மாப்ள கீப்ளன்னு இழுத்துக்கிட்டு அலையற?"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை அக்கா குரலை அடக்கவில்லை.

"மாப்ளங்கறது நான் குடுத்த பட்டம். நானா வாங்கினாத்தான் போகும். சூப்பர்வைசர்ங்கறது உனக்கு எவனோ குடுத்தது. அவன் எப்ப வாங்குவான்னு உனக்கே தெரியாது. நாளைக்கு நிக்காது. நீ கான்கிரீட்ட கலக்கி வை."

இறங்கும்போது மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

தேயாத அளவை எங்கே போய்த் தேடுவது? பழைய இம்பெல்லரிடம் கேட்டுப் பயன் இல்லை. அதுவே மறந்துவிட்டது. பம்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மாப்பிள்ளை நெடுநேரம் அதன் வாய்க்குள் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்தார்.

"கரண்டு இருக்கே," என்றாள் அக்கா.

"வெளிச்சத்துக்கு இல்ல. இம்பெல்லர் சுத்தற இந்தக் கூடு, பம்போட உள்பக்கம், தேயல. இதழ் கூட்டை ஒட்டி ஓடணும். உரசக் கூடாது, ஆனா ஒரு அட்டைக் கனத்துக்கு மேல விலகவும் கூடாது. இப்ப எவ்வளவு விலகியிருக்குன்னு மெழுகு சொல்லும்."

மெழுகை உருக்கி, முதலில் செய்த பித்தளை இம்பெல்லரின் ஒவ்வொரு இதழ் நுனியிலும் ஒட்டினார். ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கூட்டின் உட்புறம் கிரீஸ் தடவினார். மூடி, போல்ட்டுகளை முறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றித் திறந்தார். மெழுகு ஒட்டினது ஒட்டினபடி நின்றது. கூடு அதைத் தொடவே இல்லை. இன்னும் கொஞ்சம் ஒட்டினார். அப்போதும் தொடவில்லை. அதற்கும் மேல் ஒட்டித் திறந்தபோதுதான் மெழுகு நசுங்கித் தட்டையாகியிருந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தார். அட்டைக் கனத்தைக் கழித்தார். பழைய இம்பெல்லரை அதன் பக்கத்தில் வைத்தபோது அக்காவுக்கே தெரிந்தது. இருக்க வேண்டிய உயரத்தில் கால்பங்கு காணவில்லை.

"அடப்பாவி," என்றாள் பழையதைப் பார்த்து. "இவ்வளவு குறைஞ்சு போயா என்னைய இழுத்துக்கிட்டுத் திரிஞ்ச?"

மாப்பிள்ளை பித்தளையை லேத்தில் பிடித்துத் திருப்பினார். இதழ்களைத் தகட்டில் வெட்டிப் பற்றவைத்தார். பிசிறை அரத்தால் ராவுவது அக்காவின் வேலை. அவர் பார்க்கும்போது மெல்ல ராவினாள். பார்க்காதபோது வேகமாக ராவினாள்.

"சாப்பிட்டீங்களா மாப்ளே?"

"சாப்பிட்டேன்."

"எப்போ?"

அவர் யோசித்தார். நிறையவே யோசித்தார்.

"வண்டியே பரவாயில்ல," என்றாள் அக்கா, அரத்தை நிறுத்தாமல். "அதுக்கு முள்ளாவது இருக்கு."

எழுந்து போய் எதிர்க்கடையில் சாப்பாடு வாங்கிவந்து அவர் முன்னால் பிரித்து வைத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை லேத்தின் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சிமென்ட் லோடு முழுசாக இருந்தது. "குறைச்சு ஏத்தட்டுமா?" என்று கீழே கிடங்கில் கேட்டார்கள். "ஏன், வண்டி கர்ப்பமா இருக்கா?" என்றாள்.

இரண்டாவது வளைவு. முள் பாதியில் நின்றது. மூன்றாவது வளைவு. பாதியில்தான் நின்றது. பாலம் கண்ணில் பட்டதும் அவள் கால் ஆக்சிலரேட்டரை விட்டுத் தானாக எழுந்தது.

"ஏன் கால எடுக்கறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"நான் எடுக்கல. அது எடுக்குது."

"மிதிங்க அத்தை!"

அவர் இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. மிதித்தாள். லாரி உறுமிக்கொண்டு பாலத்தைத் தாண்டியது. முள்ளைப் பார்க்கப் பயந்து ரோட்டையே பார்த்தாள். ரோட்டைப் பார்க்க முடியாமல் முள்ளைப் பார்த்தாள். அது நின்ற இடத்திலேயே நின்றது. கடைசி ஏற்றத்தில் லேசாக அசைந்தது. மேலே சமதரை வந்ததும் மறுபடி இறங்கிப் படுத்துக்கொண்டது.

சூப்பர்வைசர் வந்து பானட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தார். எடுத்தார். இன்னொரு கையை வைத்துப் பார்த்தார்.

"எங்க வாங்கின பம்பு?"

"வாங்கல."

"நின்னு ஆறவிட்டு வந்தியா?"

"நின்னிருந்தா உன் ஆளு உனக்குச் சொல்லியிருப்பானே. கேட்டுக்கோ."

அவர் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கு வழக்கம்போல வந்துடு," என்றார்.

"வழக்கம்போல இல்ல. சீக்கிரமா வருவேன். நடுவுல நிக்கற நேரம் மிச்சம். இன்னொரு நடை கூடப் போட்டு வை."

வெறும் வண்டியோடு இறங்கும்போது கியர் மாற்றும் இடத்தில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. அது பல காலமாகக் கேட்கும் சத்தம்தான். அக்கா இன்றுதான் அதைக் கேட்டாள்.

"மாப்ளே, இந்தச் சத்தம் இந்த வண்டிக்கு உள்ளதா, தேஞ்சு வந்ததா?"

"தேஞ்சு வந்தது."

"இந்த ஸ்டீயரிங் இடதுபக்கம் இழுக்குதே?"

"அதுவும்."

"பிரேக்க ரெண்டு தடவ மிதிச்சாத்தான் பிடிக்குது."

"அத்தை, அத முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்ப நாம இறங்கிக்கிட்டிருக்கோம்."

"அப்ப அதத்தான் முதல்ல செய்யறோம்," என்றாள். பிரேக்கை ஒருமுறை மிதித்தாள். மறுமுறையும் மிதித்தாள்.

அவர் ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். மற்றொரு கையின் விரல்களை மடக்கி, செய்ய வேண்டியவற்றைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்.