நவம்பர் மாதத்துப் பச்சைப் புல்

இதனால் எங்கள் டவுன்ஷிப்பின் நானூற்றுப் பன்னிரண்டு குடிமக்களுக்கும், அவர்களுடைய நாய்களுக்கும், எரிவாயு வண்டி ஓட்டுகிறவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: அக்டோபர் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி முதல் மெல்வின் சாரி ஆகிய என்னுடைய வீடு சுதந்திரம் அடைந்துவிட்டது. இனி எந்தக் கம்பெனியின் வாயுவுக்காகவும் இந்த வீடு காத்துக் கிடக்காது. என் காட்டு மரம், என் கோடாரி, என் உலை, என் வெந்நீர்.

இதை நான் பெட்ரோல் பங்கின் காபி மேசையில் எழுந்து நின்று வாசித்தேன். காகிதத்தில் எழுதியே கொண்டுபோயிருந்தேன். ஏழு பேர் இருந்தார்கள். வாசித்து முடித்ததும் ஒருவர் சர்க்கரையை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

நான் பீற்றிக்கொண்ட அந்த உலை, பார்ப்பதற்குத் தகரக் கழிப்பறைக்குப் புகைபோக்கி வைத்தது போல இருக்கும். வீட்டிலிருந்து எண்பதடி தள்ளி முற்றத்தின் கோடியில் நிற்கும். உள்ளே விறகு எரியும் அறை, அதைச் சுற்றித் தண்ணீர். சூடான தண்ணீரைப் பம்பு ஒன்று மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியாக வீட்டுக்குத் தள்ளும். வீட்டில் ஒரு ரேடியேட்டர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும், விசிறி அதை அறைகளுக்கு ஊதும், ஆறிய தண்ணீர் இன்னொரு குழாயில் உலைக்கே திரும்பும். தீ வெளியே, சூடு உள்ளே. சாம்பலும் இல்லை, புகையும் இல்லை. சொல்லும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்.

அழகில் மயங்கி, எரிவாயுத் தொட்டியையே தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். வண்டிக்காரர் நிச்சயமாகத்தானா என்று இரண்டு முறை கேட்டார். நான் கையசைத்து வழியனுப்பினேன்.

பள்ளம் தோண்டும் வேலைக்கு ஐலி கோஸ்கேலாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஐலி என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். புருஷன் போன பிறகு அவனுடைய மண்வெட்டும் இயந்திரத்தை அவளே ஓட்டுகிறாள். கழிவுத் தொட்டி, கிணற்றுக் குழாய், கல்லறை, எதுவானாலும் இந்தச் சுற்று வட்டாரத்தில் அவள்தான் தோண்டுவாள். ஆனால் நான் சுதந்திர மனிதன். வாடகைக்கு ஒரு சின்ன இயந்திரம் எடுத்து நானே தோண்டினேன். கல்லறை தோண்டுகிறவளிடம் என் முற்றத்தைக் கொடுக்கமாட்டேன் என்று அதே காபி மேசையில் ஒரு வார்த்தையும் விட்டேன். அவள் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

முதல் வாரமே வீடு ஐம்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறவில்லை. ஏரிக்காற்று அடிக்கும் ஊரில் ஐம்பத்தெட்டு என்றால் காபி ஆறுவதற்குள் குடிக்க ஓட வேண்டும். என் மனைவி ஆர்டிஸ் கம்பளித் தொப்பியோடு சமைத்தாள், தொப்பியோடு சாப்பிட்டாள், தொப்பியோடு தூங்கினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது நல்லதல்ல என்று முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரியும்.

அக்டோபர் முப்பதாம் தேதி பின்படியில் பனிப்பாளம் படிந்திருந்ததைக் கவனிக்காமல் ஆர்டிஸ் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. நகரத்தில் அறுவை சிகிச்சை செய்து, நடக்கப் பழக்கும் மையத்தில் மூன்று வாரம் வைத்துக்கொண்டார்கள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை: திரும்பிப் போகிற வீடு சூடாக இருக்க வேண்டும்.

நிபந்தனையை இறுகப் பிடித்துக்கொண்டது டோலரஸ், ஆர்டிஸின் அக்கா. மூன்று தேவாலயக் குழுக்களின் தலைவி. அவள் தலைவியாக இல்லாத நான்காவது குழு கலைந்துபோயிற்று. தெற்கே இருநூறு மைலில் அவளுக்குத் தரையே சூடாகும் வீடு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வீட்டைத் தானே வந்து பார்ப்பேன், அறுபத்தெட்டு டிகிரி இல்லையென்றால் தங்கையைத் தன்னோடு அழைத்துப் போய் ஏப்ரலில்தான் அனுப்புவேன் என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். ஏப்ரல் வரை! ஆர்டிஸ் இல்லாத ஒரு வாரத்திலேயே நான் மூன்று வேளையும் ஒரே டப்பா சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பேசுவதற்கு உலை மட்டும்தான் இருந்தது. அதுவும் பதில் சொல்லவில்லை.

ஆகவே கோளாறு பார்க்கத் தொடங்கினேன். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று திருகைத் திறந்தேன். காற்று வந்தது, பின்னாலேயே வெந்நீரும் வந்தது, முழுவதும் என் சட்டைக்குள் வந்தது. வீடு அப்படியே இருந்தது. விறகு ஈரம் என்று நினைத்தேன். அது உண்மையும்கூட. வசந்தத்தில் வெட்டிய மேப்பிள், தீயில் போட்டால் நுனியில் நுரை தள்ளிச் சீறியது. புகைபோக்கியின் உட்புறம் தார் பூசிய மாதிரி ஆகிவிட்டது. அதைச் சுரண்டி எடுத்து, இரண்டு வருஷம் காய்ந்த பழைய விறகைப் போட்டேன். உலை சந்தோஷமாக எரிந்தது. அதன் முகத்திலிருந்த முள் நூற்றெண்பதைக் காட்டியது. வீடு ஐம்பத்தொன்பதுக்கு வந்தது. பம்பையும் மாற்றினேன். மறுபடி ஐம்பத்தெட்டு. மின்சாரக் கணப்பு இரண்டை வைத்துப் பார்த்தேன், ஃபியூஸ் போயிற்று. கடைசியில் கொல்லையில் நீராவிக் குளியலுக்கு இருக்கும் சவுனாவில் தீ மூட்டி அங்கே படுத்துக்கொண்டேன். சுதந்திர மனிதன் குளிக்கிற கொட்டகையில் குடியிருந்தான்.

ஆர்டிஸ் தினமும் மாலையில் போன் செய்வாள்.

"வீடு சூடா இருக்கா?"

"இருக்கு, இருக்கு. ஜம்முனு இருக்கு."

"அப்புறம் ஏன் உனக்குப் பல்லு அடிச்சுக்குது?"

பேச்சை மாற்ற மான் கதையை எடுத்தேன். அதாவது பொய் இல்லை. மான் வேட்டைக் காலம் தொடங்கிய முதல் நாள் காட்டில் வேட்டைக்காரன் ஒளிந்திருக்கும் மரப்பெட்டிக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு அணிலைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்பினால், என் முற்றத்தில் நான்கு மான்கள் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. ஊர் முழுக்க வெண்பனி மூடியிருக்க, என் முற்றத்தில் மட்டும் உலையிலிருந்து வீடுவரை நேர்கோடாகப் பச்சைப் புல். மறுநாளும் வந்தன. அதற்கடுத்த நாளும். கீழறையில் ஜன்னலைப் பார்த்து உன் கட்டிலைப் போட்டிருக்கிறேன், படுத்தபடியே மான் பார்க்கலாம் என்று ஆர்டிஸிடம் சொன்னேன். அவள், "டோலரஸ் வீட்டு ஜன்னல்ல கார் நிறுத்துற இடம்தான் தெரியும்" என்றாள். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அன்று சவுனாவிலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காபி மேசையில், போனில் எடுத்து வைத்திருந்த மான் படத்தைக் காட்டினேன். மான் என்னைத் தேடி வருகிறது, நான் மானைத் தேடிப் போவதில்லை என்று ஒரு சிறு உரையும் ஆற்றினேன். போன் கைமாறி ஐலியிடம் போயிற்று. அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மானைப் பார்க்கவில்லை. மானின் காலடியைப் பார்த்தாள்.

"புல்லு ஏன்டா பச்சையா இருக்கு?"

"நல்ல மண்ணு."

"கோடு போட்டா மாதிரியா?"

நான் பதில் சொல்வதற்குள், சனிக்கிழமை மட்டும் புகைய வேண்டிய என் சவுனா பத்து நாளாகத் தினமும் புகைகிறதே, அவ்வளவு அழுக்கா என்று மேசையில் யாரோ கேட்டார்கள். ஐலி போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

எங்கள் ஊரில் யாரும் உதவி கேட்கமாட்டோம். உதவி செய்ய வருகிறவர்களும் அப்படிச் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். ஏதாவது இரவல் கேட்டுத்தான் வருவார்கள். என் அப்பா கால் முறிந்து கிடந்த கோடையில் ஆறு பேர் வந்து எங்களிடம் சுத்தியல் இரவல் கேட்டார்கள். அன்று மாலைக்குள் எங்கள் கூரை வேய்ந்து முடிந்திருந்தது.

ஞாயிறு காலை ஐலியின் லாரி என் முற்றத்தில் வந்து நின்றது. பின்னால் இழுவண்டியில் மண்வெட்டும் இயந்திரம். அவள் இறங்கி வந்து, பதினாறாம் நம்பர் ஸ்பானர் ஒன்று இரவல் வேண்டும் என்றாள். அவளுடைய பின் பாக்கெட்டில் பதினாறாம் நம்பர் ஸ்பானர் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேருமே அவள் பாக்கெட்டைப் பார்க்கவில்லை.

வந்ததுதான் வந்தோம் என்று ஒரு வெப்பமானியை எடுத்து, உலையை விட்டுத் தண்ணீர் கிளம்பும் இடத்தில் வைத்தாள். நூற்றெண்பது. பிறகு வீட்டுக்குள் அது வந்து சேரும் இடத்தில் வைத்தாள். நூற்றிருபது. ஒரு மாதமாக நான் உலையின் முகத்தை மட்டுமே பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுப் பக்கம் அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அறுபது டிகிரி வழியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. எங்கே என்று மான்களுக்குத் தெரிந்திருந்தது.

ஐலி என்னைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்தபடி, இதன் கையில் ஏதோ சத்தம் வருகிறது, எங்கேயாவது தோண்டிச் சோதிக்க வேண்டும், உனக்கு ஆட்சேபணை இல்லையே என்று கேட்டாள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏறி உட்கார்ந்து இயந்திரத்தைக் கிளப்பினாள். தோண்டுவதற்கு முன் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எவ்வளவு ஆழம்டா வேணும்? எனக்கு ஆறடிதான் பழக்கம்."

காபி மேசையில் நான் விட்ட வார்த்தைக்கு இதுதான் ரசீது. வாங்கிக்கொண்டேன்.

பச்சைக் கோட்டின் மேல் மண் இளகிக் கிடந்தது. மேல் மண்ணைத் தள்ளியதும் பள்ளத்திலிருந்து ஆவி எழுந்தது. கருப்புக் குழாயை இயந்திரத்தின் பல்லில் மாட்டி மேலே தூக்கினாள். அதன் உடம்பு முழுக்க இருந்த கீறல்கள் வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் நூறு இடத்தில் ஒழுகியது. உள்ளே நான் மினுமினுப்புத் தாள் சுற்றி வைத்திருந்த இரண்டு வெந்நீர்க் குழல்களும் குளத்தில் ஊறிய துணி மாதிரித் தொங்கின.

இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"இது என்ன குழாய்னு தெரியுமா?"

"கடையில தள்ளுபடியில கிடந்துது."

"நிலத்துல தேங்குற தண்ணிய உள்ள இழுக்கிறதுக்குன்னே செஞ்ச குழாய்டா. அதுக்குத்தான் இத்தனை கீறல்."

"காத்தோட்டத்துக்குன்னு நெனச்சேன்."

அவள் கையுறையைக் கழற்றி, மூக்கைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். சிரிப்பை விழுங்க அவளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

"குழாய் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அது வேலைய அது சரியாத்தான் செஞ்சிருக்கு. ஒரு மாசமா நீ இந்தச் சதுப்பு நிலத்துக்கு வெந்நீர் வச்சுக் குடுத்திருக்க."

லாரியில் சுருளாக ஒரு தடித்த குழாய் இருந்தது. இரண்டு குழல்களையும் இறுகிய நுரைக்குள் புதைத்து, மேலே ஒரு ஓட்டை இல்லாமல் மூடிச் செய்தது. பழைய வேலை ஒன்றில் மிஞ்சியது, கொட்டகையில் காலை இடறுகிறது, இங்கேயே போட்டுவிட்டுப் போனால் தனக்குப் பெரிய உபகாரம் என்றாள். அளந்து பார்த்தோம். எண்பத்தாறடி. மிஞ்சிய குழாய் இவ்வளவு கணக்காக மிஞ்சுவதை நான் பார்த்ததில்லை. அதையும் நான் சொல்லவில்லை.

ஞாயிறு முழுவதும், திங்கள் மத்தியானம் வரையும் வேலை இருந்தது. பள்ளத்தின் அடியைச் சரிவாக்கி, தண்ணீர் வடிய ஜல்லி போட்டு, குழாயை இறக்கி, இரண்டு முனையும் இணைத்து, காற்றை வெளியேற்றி, மண் மூடினோம். இந்த முறை திருகைத் திறந்தது ஐலி, அதனால் என் சட்டை நனையவில்லை. மாலை நான்கு மணிக்கு வெப்பமானியை வீட்டுப் பக்கம் வைத்தாள். நூற்றெழுபத்தெட்டு. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். ஐலி சட்டென்று இயந்திரத்தின் கையில் இப்போது சத்தம் நின்றுவிட்டது என்று சொல்லி லாரியில் ஏறிப் போய்விட்டாள். என் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். எடுக்காமல் போனால் எதற்கு வந்தாள் என்று ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை டோலரஸ் காரை வாசலில் நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. ஆர்டிஸின் பெட்டி பின்சீட்டிலேயே இருந்தது. கைப்பையிலிருந்து தன்னுடைய சொந்த வெப்பமானியை எடுத்துக் கீழறை மேசையில் வைத்துவிட்டு, தீர்ப்பு வாசிக்கிற முகத்தோடு ஐந்து நிமிடம் நின்றாள். ஆர்டிஸ் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். எழுபத்தொன்று. டோலரஸ் அதை விரலால் தட்டிப் பார்த்தாள். எழுபத்தொன்றுதான். ஆர்டிஸ் ஒரு கையைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"பெட்டிய உள்ள எடுத்துட்டு வா, மெல்வின்" என்றாள்.

நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன், குழாயின் கீறல் உட்பட. காற்றோட்டம் என்ற இடத்தில் இடுப்பு வலிக்கிறது, நிறுத்து என்று கெஞ்சிச் சிரித்தாள். பிறகு போனை எடுத்து ஐலியைக் கூப்பிட்டு, வான்கோழி வறுக்கிற பெரிய தட்டு ஒன்று இரவல் கிடைக்குமா, வியாழக்கிழமை நீயே கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். எங்களிடம் அப்படி இரண்டு தட்டு இருக்கிறது.

ஐலி தட்டோடு வந்தாள். தட்டு வந்த பிறகு தட்டுக்காரி போக முடியுமா? உட்கார்ந்தாள். சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்வது வழக்கம். நான் எழுந்து நின்றேன். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதில் மூன்று இடத்தில் ஐலியின் பெயர் இருந்தது. காகிதத்தைப் பிரித்தேன். ஐலி உருளைக்கிழங்குக் கிண்ணத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது இரண்டும் சிவந்துவிட்டன. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"ஐலி, அந்த ஸ்பானர நீயே வச்சுக்க."

"சரி" என்றாள். உப்பை என் பக்கம் தள்ளினாள்.

இந்த வீட்டில் இதைவிடப் பெரிய நன்றி இதுவரை சொல்லப்பட்டதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஆர்டிஸை ஜன்னலோரக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தோம். வெளியே புதுப்பனி, உலையிலிருந்து வீடுவரை ஒரே வெள்ளையாக, ஒரு கோடும் இல்லாமல் படிந்திருந்தது. அவள் போர்வையைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மான்கள் அதற்குப் பிறகு வரவில்லை.