ஆறாவது இடம்

எங்கள் படகில் ஒருவனைக் கடல் கொண்டுபோனால், வருஷம் திரும்பும்வரை அவன் உட்காரும் பலகையில் யாரும் உட்காரமாட்டோம். சுனாமியில் அரசப்பன் போனான்.

கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் ஒன்றை நானும் அவனும் சேர்ந்துதான் வாங்கினோம். அதில் சண்டைக்கு ஆறு மிருகங்கள் வேண்டும். நெருப்புக்கு எது, மின்னலுக்கு எது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டு அணி சேர்ப்பேன். அவன் ஒன்றுக்கும் உதவாத நண்டு ஒன்றுக்குத் தன் பெயரையே வைத்து ஆறாவதாக நுழைத்துவிடுவான்.

"இன்னாடா, நம்ம நண்டு முதுகையே காட்டிக்கினு நிக்குது?" என்பான்.

"நம்மளுது அப்படித்தான் நிக்கும். எதிராளிக்குத்தான் மூஞ்சி தெரியும்" என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பேன்.

அவன் போனபின் நண்டை அழித்தேன். ஆனால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்க மனம் வரவில்லை. ஐந்தோடுதான் குயிலாப்பாளையம் போட்டிக்குப் போனேன்.

எதிரில் உப்பளக்காரர் மகன் மணிவண்ணன். இரண்டு கேமையும் வயரால் இணைத்தோம். என் ஐந்தும் விழுந்தன. அத்தோடு ஆட்டம் முடிய வேண்டும். முடியவில்லை. அடுத்தது யார் என்று திரை கேட்டது. அரசப்பன் என்ற ஒரே பெயர் இருந்தது. அழுத்தினேன்.

நண்டு வந்தது. உயிர் பூஜ்யம். மணிவண்ணன் அடித்துக்கொண்டே இருந்தான், அது விழவில்லை.

"ஏம்பா, இது இன்னா நண்டு?" என்றான். "என் பக்கம் முதுகக் காட்டிக்கினு நிக்குது."

நான் என் திரையைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.