பச்சை வாடை

திருமங்கலம் பக்கத்து எலும்பு மில்லில், எலும்பு வெந்ததா என்று சொல்ல மீட்டர் எதுவும் கிடையாது. காசிமாயனின் மூக்குதான் மீட்டர். கறிக்கடை எலும்பு நீராவியில் வேகும்போது பக்கத்தில் போய் மோந்து பார்ப்பார். குழம்பில் போவதுபோலப் பச்சை வாடை போனதும் கையைத் தூக்குவார், நீராவியை நிறுத்துவார்கள். கொழுப்பு சோப்புக் கம்பெனிக்குப் போகும். எலும்பைக் காயவைத்து அரைத்தால் மல்லிகைக்கு உரம்.

பதினெட்டு வருஷம் இப்படிக் கை தூக்கிய மனுஷனுக்குப் போன மாசியில் காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மனைவி இருளாயிக்குத் தெரியும். அடுப்பில் கருவாடு தீய்ந்தபோதும் பக்கத்திலேயே ஆள் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாரே! மில்லில் மட்டும் மூச்சு விடவில்லை. குத்துமதிப்பாக நேரம் பார்த்து, பழையபடி மூக்கை நீட்டி, பழையபடி கையைத் தூக்கினார். அப்படியே எட்டு மாசம் ஓடியது.

ஐப்பசி மழையில் ஊறிய எலும்பு ஒரு லோடு வந்தது. ஈர எலும்பு வேக நேரம் பிடிக்கும். இவர் வழக்கமான நேரத்திலேயே கையைத் தூக்கிவிட்டார். அரைத்தவனுக்குக் கவிச்சி அடித்ததுதான். ஆனாலும் காசிமாயண்ணனே சொல்லிவிட்டாரே என்று மூட்டை கட்டிவிட்டான்.

நாலாம் நாள் முதலாளி ஹரிராம் காசிமாயனை பைக்கில் ஏற்றிக்கொண்டு, அந்த மூட்டைகளை வாங்கிப்போன பேச்சிமுத்துவின் தோட்டத்துக்குப் போனார். புதிதாக வைத்த முந்நூறு மல்லிகைக் கன்றும் வேரோடு வெளியே கிடந்தன. எலும்புத்தூள் வாடைக்கு ஊர் நாய்களெல்லாம் வந்து தோண்டிப் போட்டிருந்தன.

"பாத்தீகளா மொதலாளி, வேகாத சரக்கக் குடுத்துட்டீக!" என்றார் பேச்சிமுத்து.

ஹரிராம் அசரவில்லை. "எங்க அண்ணன் மூக்கு பொய் சொல்லாது. நீங்கதான் மீன் கழிவு எதையாச்சும் கலந்துருப்பீங்க."

"எம்புள்ள மேல சத்தியமா ஒண்ணும் கலக்கல."

"அப்ப எங்க அண்ணன் பொய் சொல்றாராக்கும்? நீங்களே சொல்லுங்கண்ணே."

காசிமாயனை வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையை ஆட்டினால் போதும், மில் வேலை பத்திரம். பேச்சிமுத்து பொய்யனாக நிற்பார், அவ்வளவுதான். பேச்சிமுத்துவோ ஒரு கன்றை எடுத்து அதன் காய்ந்த வேரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவரு ஒண்ணும் கலக்கல, மொதலாளி. எனக்கு வாடை தெரிஞ்சே எட்டு மாசமாச்சு."

ஹரிராமுக்கு முகம் செத்துவிட்டது.

"ஏண்ணே, மொதல்லயே சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்துருப்பேன்ல?"

"அதுனாலதான் மொதலாளி சொல்லல."