பின்னறைக்குப் படம் வேண்டாம்

கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் இருக்கும் அந்தப் பூஜைச் சாமான் கடையில், புதுக் கைப்பேசி ஆப்பை முதல் ஆளாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சீதாலெட்சுமியின் விரல் சட்டென்று நின்றது. மகள் கல்யாணத்துக்கு வேண்டிய மஞ்சள், குங்குமம், தாலிக்கயிறு எல்லாம் திரையில் ஏறியிருந்தன. அதற்குக் கீழே, 'இவற்றையும் சேர்த்து வாங்கலாமே' என்று ஒரு வரி. அதற்கும் கீழே பளிச்சென்று ஒரு கொள்ளிச்சட்டி. பக்கத்தில் நெய்ப்பந்தம், பத்து விழுக்காடு விலைக்கழிவோடு.

"என்ன மாதவி இது? நல்ல காரியத்துக்கு வந்தவள..." சீதாலெட்சுமி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "நான் வேற கடையில பாத்துக்கிறேன் லா."

தப்பு கடைக்காரி மாதவியுடையதுதான். அந்தச் சாமான்கள் பின்னறையில் இருக்கும். அந்த அறைக்குப் பெயர் கிடையாது. வாங்க வருகிறவர்களும் 'பின்னால உள்ளது' என்றுதான் கேட்பார்கள். வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் 'போய்ட்டு வாங்க' என்று யாரும் சொல்வதில்லை. ஆப் செய்யும் ரிஷி ஒவ்வொரு பொருளுக்கும் படம், விளக்கம், பிரிவு என்று கேட்டபோது, அந்த வார்த்தையை எழுதக் கை வராமல் எல்லாவற்றையும் 'பூஜைப் பொருள்' என்று போட்டுக் கொடுத்திருந்தாள்.

"சின்ன விஷயம் ஆன்டி," என்றான் ரிஷி. "பியூனரல்னு தனி கேட்டகரி போட்டுருவோம். இன்னும் கொஞ்சம் டேட்டா கொடுங்க. யாரு வாங்குறாங்க, எந்த ஏரியா, மறுபடி எப்ப ரிமைண்டர் அனுப்பலாம்..."

"ரிமைண்டரா? உங்க வீட்டுல அடுத்தது யாருன்னு கேட்டு மெசேஜ் போடுவியா?"

"மாதவி!" அண்ணன் முகுந்தன் அதட்டினார். "நாளைக்கு ஆப்பைத் திறக்கணும். ஃபுல் டேட்டா இல்லாம ஆப் இல்ல. இஷ்டமில்லன்னா நீ ஒதுங்கிக்க."

"ஒதுங்க மாட்டேண்ணே. கடையில பாதி என்னோடது. அந்தப் பின்னறைக்குள்ள நீங்க என்னைக்காச்சும் கால வச்சிருக்கீங்களா?" அவள் ரிஷியிடம் திரும்பினாள். "அங்க உள்ளது எல்லாத்தையும் அழி. படம், விளக்கம், விலை, ஒன்னும் வேணாம். என் போன் நம்பர மட்டும் போடு."

"நம்பர் மட்டும் எப்படி ஆன்டி?"

மாதவியின் போன் ஒலித்தது.

"அக்கா... அம்மா..." ஒரு பையனின் குரல்.

அவள் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. "அப்பா இருக்காராய்யா?"

"இருக்காருக்கா."

"அட்ரஸ அனுப்பு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

பின்னறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் சட்டியும் துணியும் இருந்தன. சுமங்கலியாகப் போனவளுக்கு வேண்டிய மஞ்சளையும் குங்குமத்தையும் முன்தட்டிலிருந்து எடுத்து மேலே வைத்தாள். ரிஷியின் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அவன் முகுந்தனைப் பார்த்தான்.

முகுந்தன் வாசலை அடைத்து நின்றார். மாதவி சட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நேரே நடந்தாள். சட்டி தன்மேல் பட்டுவிடப் போகிறதே என்று அவர்தான் சுவரோடு ஒதுங்கினார்.