பந்தில்லாத தேர்வு

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை, அபிஷேகப்பாக்கத்தில் அறுவடை முடிந்த ஒரு வயலில் வட்டார கிரிக்கெட் அணிக்குத் தொடக்க ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே பேர்தான் வந்திருந்தார்கள். நான்காவது பந்திலேயே பந்து பக்கத்துக் கரும்புக்குள் போய்விட்டது. வயலும் கரும்பும் சிவப்பிரகாசத்துடையவை. தேர்வாளரும் அவரே.

"உள்ள எறங்கிக் கரும்ப மெறிக்காதீங்கடா. டெக்னிக்தான பாக்கணும், பந்து இன்னாத்துக்கு? சும்மா ஆடிக் காட்டுங்க."

மணப்பட்டு விஜயராஜுக்குச் சிரிப்புகூட வரவில்லை. மட்டையே பிடித்தறியாத மனுஷன், செல்போனில் ஸ்லோமோஷன் பார்த்தே நிபுணராகிவிட்டார். இவர் கையில் தன் இடம் இருக்கிறதே என்பதுதான் அவனுக்கு எரிச்சல். மூன்று வருஷமாக அந்த இடத்துக்குக் காத்திருக்கிறான்.

போட்டிக்கு வந்த இன்னொருவன் ராஜ்குமார் முழங்கையை உயர்த்தி, காலை நீட்டி, இல்லாத பந்தைக் கவரில் விரட்டினான். மட்டையை அப்படியே தூக்கிப் பிடித்து, யாரோ போட்டோ எடுப்பதுபோல் நின்றான்.

"இன்னா அழகு," என்றார் சிவப்பிரகாசம்.

"அது போல்டு," என்றான் விஜயராஜ்.

"பந்தே இல்லியேபா."

"இருந்திருந்தா போல்டுண்ணே. இந்தத் தரையில பந்து கணுக்காலுக்கு மேல எழும்பாது."

தன் முறை வந்ததும் அவன் நன்றாகக் குனிந்து, மட்டையைத் தரையோடு தரையாக வைத்துத் தடுத்துக் காட்டினான்.

"இன்னாடா, நண்டு புடிக்கிறியா?" என்றார் சிவப்பிரகாசம்.

ராஜ்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் ராஜ்குமாரின் பெயரை எழுதிக்கொண்டார். விஜயராஜ் மட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு மணப்பட்டுக்குக் கிளம்பினான்.

அடுத்த ஞாயிறு அதே தரையில் நடந்த ஆட்டத்தில் ராஜ்குமார் முதல் பந்திலேயே போல்டானான்.