கடைசிக் காது

பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. சுவரோரம் இருப்பவர்களும் நகர்ந்து வாருங்கள். இது தொண்டை கிழியக் கத்திச் சொல்லக்கூடிய கதை இல்லை. ராஜா ராணி கிடையாது, பேய் பிசாசு கிடையாது. ஒரு காதின் கதை. கேட்டு முடித்ததும் உங்கள் காதை நீங்களே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

என் அக்கா மகள் ஒருத்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நன்றாகப் பாடுவாள் என்பதால் எங்களுக்கு அவள் பாட்டுக்காரி. அவள் கணவனுக்கு வீட்டில் திருகாணி என்று பெயர். தண்ணீர்க் குழாயோ கடிகாரமோ, எதைப் பார்த்தாலும் ஒரு திருகு திருகாமல் விடமாட்டான். குரல், டிரம், கிதார் என்று தனித்தனியாகப் பதிவு செய்ததை ஒன்றாகக் கலந்து பாட்டாக்குவதுதான் அவன் தொழில். மிக்சிங் என்பார்கள்.

இருவரும் சேர்ந்து ஆறு பாட்டு செய்தார்கள். எழுத்தும் குரலும் அவளுடையவை, மற்றதெல்லாம் அவன். படுக்கையறைக் கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு ஒரு வருஷம் அதே வேலை. முடித்துப் போட்டுக்காட்டிய அன்று அவள் வாய் திறக்காமல் கடைசிவரை கேட்டாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள் பிறகு.

அவன் சிரித்தான். "எல்லா இடத்துலயும் நீதானே இருக்கே."

"டிரம்முக்குப் பின்னால யாரோ ஒரு பொண்ணு ஒளிஞ்சு நின்னு முணுமுணுக்குது. அதுதான் நான்னா, என் பேரைப் போடாதீங்க. வெளியவும் விடாதீங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாட்டு அவளுடையது, அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவன் ஒரு வருஷ உழைப்பு கணினிக்குள் கிடந்து மக்க வேண்டியதுதான். அதைவிட மோசம், அன்றிலிருந்து அவள் வீட்டில்கூடப் பாடவில்லை. துணி மடிக்கும்போது ஒரு முனகல்கூட இல்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்தால் ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது.

ஆனால் அவன் ஏற்கெனவே ஒருவரிடம் நாள் குறித்து வாங்கியிருந்தான். பாட்டு உலகத்துக்குப் போகும் முன் கடைசியாகக் கேட்டு, சீர் செய்து அனுப்புகிறவர். அந்த வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர். அந்த அம்மாளுக்கு அவர்கள் தொழிலில் வைத்திருக்கும் பட்டப்பெயர் கடைசிக் காது. அவர் கை பட்ட பிறகும் பாட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று பேச்சு. அந்தப் பேச்சும் என் வழியாகத்தான் நடந்தது. இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லையே. அதனால் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

"சின்னம்மா, ஜன்னலை ஏத்தச் சொல்லுங்க. தூசி வருது."

"அத்தை, ஏத்தினா வேகும்னு சொல்லுங்க."

"வேகட்டும்னு சொல்லுங்க சின்னம்மா."

போய்ச் சேரும்வரை தபால்காரர் உத்தியோகம் பார்த்தேன்.

மருந்துக் கடைக்கு மேலே மாடியில் அந்த அறை. கதவு மூடியதும் தெரு அறுந்து விழுந்தது போலச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. சுவரெங்கும் துணி போர்த்திய பலகைகள், மூலைக்கு மூலை ஆள் பருமனுக்குப் பஞ்சு மூட்டைகள். எதிரே இரண்டு உயரமான ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அது நகரக்கூடாது என்று தரையில் நாடா ஒட்டி அடையாளம் வைத்திருந்தார்கள். என் மூச்சு எனக்கே கேட்டது. கோவில் கருவறை முன்னால்கூட நான் அவ்வளவு அடக்கமாக நின்றதில்லை.

கடைசிக் காதுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சத்தம் வராத மெத்துச் செருப்பு போட்டிருந்தார். திருகாணி விளக்கம் சொல்ல வாயெடுத்தான். அவர் கையமர்த்தினார்.

"பாட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. முதல் தடவை கேக்குறது ஒரே தடவைதான் கிடைக்கும். அதைக் கெடுத்துக்க வேணாம்."

நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, ஆறையும் கேட்டார். எதையும் தொடவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. நாங்கள் பின்னால் இருந்த சோபாவில் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தோம். முடிந்ததும் மெல்லத் திரும்பினார்.

"உங்களுது சின்ன அறையா தம்பி? முதுகுக்குப் பின்னாலயே சுவர் இருக்குமே?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"அந்த மாதிரி அறையில டிரம்மோட கனமான கீழ்ச்சத்தம் பின் சுவத்துல மோதிக் குவியும். அதிகமா இருக்குன்னு நினைச்சு நீங்க குறைச்சிட்டீங்க. இங்க கேட்டா டிரம்முக்கு வயிறே இல்ல."

"நீங்க எங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே."

"உங்க வீடு பாட்டோட சேர்ந்து இங்க வந்திருக்கே."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கட்டில் எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

பிறகு என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்களும் இன்னிக்குத்தானே முதல்ல கேக்குறீங்க? ரெண்டாவது பாட்டு எதைப் பத்தி?"

"ராகம் மனசைப் பிசையுது," என்றேன். "வார்த்தைதான் ஒண்ணும் பிடிபடல."

பாட்டுக்காரி நிமிர்ந்தாள். "கேட்டாரான்னு கேளுங்க சின்னம்மா."

"நீயே கேளு தாயே. என் தொண்டை வறண்டுபோச்சு."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேக்குது," என்றான். நிரூபிக்கிற மாதிரி அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். நடுவில் அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் அவனும் மூச்சு வாங்கினான்.

"அதுதான் விஷயம்," என்றார் கடைசிக் காது. "உங்களுக்கு மனப்பாடம். குரலை எவ்வளவு கீழ இறக்கினாலும் மிச்சத்தை உங்க மனசு நிரப்பிக்குது. நான் புதுசு. எனக்கு நிரப்பத் தெரியாது. பெண்டாட்டி எழுதினதை இவ்வளவு நெஞ்சுல வச்சிருக்கற ஆளுதான் இந்தத் தப்பைப் பண்ண முடியும்."

பாட்டுக்காரி புடவைத் தலைப்பை எதற்கோ மடித்தாள், பிரித்தாள். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் மனக்கதவு லேசாகத் திறந்துகொண்டது.

இன்னொன்றும் இருந்தது. பளிச்சென்று இருக்கட்டும் என்று பாட்டின் சத்தத்தை ஒரேயடியாக உயர்த்தி, துருத்திய இடங்களையெல்லாம் கணினிக்குள் இருக்கும் ஒரு கருவியால் அழுத்தி வைத்திருந்தான். அந்தக் கருவி போட்டதையும் போடாததையும் அவனிடம் வாங்கி மாற்றி மாற்றி வைத்தார் அம்மாள். போட்டதுதான் ஜோர் என்றேன் நான்.

"சத்தமா இருந்தா எதுவும் நல்லா இருக்கற மாதிரிதாம்மா தோணும். இருங்க," என்று இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தார்.

அட, என்ன சொல்வேன்! ஜோர் என்று நான் சொன்னது இஸ்திரி போட்ட துணி மாதிரித் தட்டையாகக் கிடந்தது. மற்றதில் டிரம் எழுந்து நின்றது. கிதார்க் கம்பி அதிர்ந்து அடங்குவது கடைசித் துளி வரைக்கும் கேட்டது. ஒரே பாட்டு, ஒரே சத்தம். என் காதை நான் நம்பாமல் போனது அன்றுதான்.

திருகாணி தன் மடிக்கணினியைத் திறந்து அந்தக் கருவியைக் கழற்றினான். குரலை ஏற்றினான்.

"அவ்வளவு வேணாம் தம்பி. மேடையை விட்டு இறங்கி நம்ம மடியில வந்து உக்காந்துட்டாங்க."

பாட்டுக்காரிக்கே சிரிப்பு வந்தது. நகக்கண் அளவு இறக்கினான். அம்மாள் தலையசைத்துத் தன் வேலையைத் தொடங்கினார்.

அந்த வேலையை எப்படிச் சொல்ல? ஒரு குமிழைத் தொட்டார். தூசி தட்டுகிறார் என்று நினைத்தேன்; டிரம்முக்கு வயிறு வந்துவிட்டது. இன்னொன்றைத் தொட்டார், குரலில் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மழுங்கியது. மூன்றாவது பாட்டைச் சளி பிடித்திருந்தபோது பாடியிருந்தாள், அந்தக் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அதை மற்ற ஐந்துக்கும் பக்கத்தில் வைத்து வைத்துக் கேட்டு, ஒரே பெண்ணாக்கினார். ஒரு சின்ன, மலிவான ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தார். அதிலும் வார்த்தை நின்றது.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிசயம், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருக்கும் மௌனத்தை அவர் அளந்தது. நாலாவது பாட்டு துக்கத்தில் முடியும். அடுத்தது உடனே தொடங்கியபோது முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. இடைவெளியை நீட்டினார், பாட்டு தீர்ந்தேபோனது என்று தோன்றியது. கொஞ்சம் குறைத்தார். கேட்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு. ஒன்றுமே இல்லாததைக்கூடத் தைத்துச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள் உலகத்தில்.

கடைசியில் எழுந்து, அந்த ஒற்றை நாற்காலியில் பாட்டுக்காரியை உட்கார வைத்தார். "நீங்க கேளுங்க. வேணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

கேட்டாள். திருகாணி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ஐந்தாவது பாட்டு பாதியில் அவள் கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க."

அம்மாள் பாட்டை நிறுத்தினார்.

"என் குரலுக்கு அடியில இன்னொரு குரல் இருக்கு. யாரு அது?"

"நான் எதையும் புதுசா வைக்கலம்மா," என்றார் கடைசிக் காது. "அழுத்தி வச்சிருந்ததை எடுத்ததும் வெளிய வந்திருக்கு."

"நான்தான்," என்றான் திருகாணி. "நீ கடைக்குப் போயிருந்தப்ப போட்டுக் கேட்டுட்டே கூட முனகினேன், அதுவும் பதிவாயிடுச்சு. ஒரு பலத்துக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். கேக்காதுன்னு நினைச்சேன். எடுத்துடறேன்."

"என்கிட்ட சொல்லாம என்கூடப் பாடியிருக்கீங்க."

"ம்."

அவள் திரும்பி அவனை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எடுக்க வேணாம்," என்றாள். "வெளிய விடுங்க. என் பேரைப் போடுங்க. பாடினவங்கன்னு போடற இடத்துல உங்க பேரையும் போடுங்க."

"எனக்குப் பாடத் தெரியாதே."

"தெரியாதுதான். இப்ப கேட்டேனே."

கடைசிக் காது அந்தப் பாட்டை முதலிலிருந்து மறுபடி ஓட விட்டார். அடியில் அந்த முனகலைத் தேடிப் பார்த்தேன். தேடினால் கிடைக்கவில்லை, சும்மா கேட்டால் இருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் மெல்லப் பேசினாலும் அது அடுத்தவர் காதில் விழட்டும். வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் ஒரு ஜோடியும் குறையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் மூக்கடைப்பு இல்லாமல் தூங்கட்டும். நன்றாக இருங்கள், எல்லாரும் சேர்ந்து இருங்கள்.