ஸ்பீக்கரில் ஒரு சீழ்க்கை

ஏரியில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவளுக்கு வேலை பாதி கையில், பாதி வாயில். ஸ்டீயரிங்கை ஒரு கையிலும் மைக்கை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் மூழ்கிப்போன பழைய சாலையைப் பற்றிப் படகுக்காரி கதை சொல்லுவாள். அதைக் கேட்பதற்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு. ஆனால் கொஞ்ச காலமாக, அவள் மைக்கை எடுத்தாலே ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டே இறங்கிப் போனாள்.

"ஸ்பீக்கர்ல கீச்சுன்னு சத்தம் வருதாம்டி. எனக்கு ஒரு மண்ணும் கேக்கல. குறை சொல்லலைன்னா இவங்களுக்குச் சோறு இறங்காது" என்று படகுக்காரி தன் தங்கையிடம் பொரிந்து தள்ளினாள். தங்கை தன் கணவரை அனுப்பிவைத்தாள். அவர் கார்களுக்கு ஆடியோ பொருத்துகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்றிருக்கிற ஆள்.

அன்று மத்தியானம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். கரை மங்கலாகிப் போனதும், படகு தண்ணீரில் போகிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்திருந்தார். வெளியே கால் மட்டும் தெரிந்தது.

"அக்கா, கொஞ்சம் வேகம் ஏத்துங்க. ம்... இப்ப குறைங்க."

ஏற்றினாள், குறைத்தாள்.

"வேகத்தோட சேர்ந்து சத்தமும் ஏறி இறங்குது. அப்ப பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர்ல இருந்துதான் வருது. உள்ள நுழையற வழியத்தான் கண்டுபிடிக்கணும். மைக் ஒயரை உருவறேன், ஸ்பீக்கர் உங்க பக்கத்துலதான் இருக்கு, நின்னா சொல்லுங்க."

படகுக்காரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இன்ஜினின் உறுமலைத் தவிர வேறெதுவும் இல்லை. போதுமான நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியது.

"நின்னுடுச்சு மாப்ள."

அவர் மெதுவாகத் தலையை வெளியே நீட்டினார். "நான் இன்னும் உருவவே இல்லக்கா."

அவளுக்கு முகம் சிவந்தது. இன்ஜினை அணைத்தாள். படகு தன் போக்கில் மிதந்து, கரையோர நாணல்களை நோக்கி நகர்ந்தது.

"இந்தக் கரையில முன்னாடி தேன்சிட்டுங்க கத்தித் தீக்கும்" என்றாள். "இப்ப ஒண்ணுகூட இல்ல. வேற எங்கயோ போயிடுச்சுன்னு நெனச்சேன்."

அவர் நாணல்களைப் பார்த்தார். சொல்லலாமா என்று தயங்கியது தெரிந்தது.

"இப்பவும் கத்திக்கிட்டுதான்கா இருக்கு."

படகுக்காரி பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. நெஞ்சில் ஏதோ கழன்று அடியில் போய் விழுந்த மாதிரி இருந்தது. பிறகு கேட்டாள்: "ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் எப்படி இருக்கும்?"

வாய் திறக்காத மனிதர், வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார். "கொசு ஒண்ணு கனவு கண்டா அதுல பாடற பாட்டு மாதிரி. மெல்லிசு. ஆனா பல்லு கூசும். உங்க குரலுக்கு மேல ஏறி உக்காந்துக்குது."

அவள் சிரித்துவிட்டாள்.

மறுபடி இன்ஜினை ஓடவிட்டு, அவர் அடியில் நுழைந்தார். மைக் பெட்டியின் எர்த் ஒயர் பேட்டரிக்குப் போயிருந்தது. ஆம்ப்ளிஃபயருடையது இன்ஜின் இரும்பில் முடுக்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே சத்தம் புகுந்து விளையாடியிருக்கிறது. இரண்டையும் பேட்டரியில் ஒரே இடத்தில் சேர்த்தார். சார்ஜ் ஒயரோடு ஒட்டிக் கிடந்த ஸ்பீக்கர் ஒயரைப் பிரித்து எதிர்ப்பக்கமாக இழுத்துக் கட்டினார்.

"போயிடுச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

"நம்பாம வேற வழி?" என்று மைக்கை எடுத்தாள். ஒரே ஒரு பயணிக்காக, மூழ்கிய சாலையில் இன்னும் மாட்டுவண்டிகள் போய்க்கொண்டிருக்கிற கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். குரல் சாரலுக்குள் நீண்டு போயிற்று. மாப்பிள்ளை கண்ணை மூடினார். கதை முடியுமுன் குறட்டையே விட்டார். இதைவிட நல்ல சான்றிதழ் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

தன் காது விஷயத்தைத் தங்கையிடம் அன்றே அவளாகவே சொன்னாள். தங்கை திட்டித் தீர்த்துவிட்டுக் காது டாக்டரிடம் கையோடு இழுத்துப் போனாள். இன்ஜின் பக்கத்திலேயே காலம் தள்ளியதால் உச்சத்து ஒலிகளைக் கேட்கிற சக்தி போய்விட்டது என்றார் டாக்டர். மிச்சத்தைக் காப்பாற்றலாம், காதில் சின்ன மெஷின் வைத்தால் போனதிலும் கொஞ்சம் திரும்பும். மாப்பிள்ளை, சத்தம் அடங்கட்டும் என்று இன்ஜின் மூடிக்கு உள்ளே தடியாக ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொடுத்தார்.

மெஷினோடு முதல் சவாரி. பின் வரிசையில் யாரோ சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்கள். படகுக்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு காகிதத்துக்குள் இத்தனை சத்தமா? வளையல்கள், ஜிப்புகள், யாரோ விரல் நகத்தால் கம்பியைத் தட்டுவது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கதை சொல்ல வேண்டிய இடம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மைக்கைக் கையில் வைத்தபடியே அவள் ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுக்கொண்டு படகை ஓட்டினாள்.